274.32 சென்டிமீட்டர்

இந்த இடத்துக்கு யாராவது வருகிறார்களா அக்கா? இல்லையென்றால் உட்கார்ந்துகொள்கிறேன். நான் கோவில்பட்டி வரைக்கும் இல்லை. கழுகுமலை தாண்டி நாச்சியார்புரம் விலக்கில், ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், இறங்கிவிடுவேன்.

நீங்களும் ஒயர் கூடைதான் வைத்திருக்கிறீர்கள். பச்சையும் வெள்ளையும். கடையில் வாங்கியதா, யாராவது போட்டுக் கொடுத்ததா? தப்பாக நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் யார் கையில் கூடையைப் பார்த்தாலும் என் கண் அதன் வாய்க்குத்தான் போகிறது. வாய் ஒழுங்காக முடிந்திருக்கிறதா என்று. உங்களுடையது முடிந்திருக்கிறது. நல்லவேளை.

நான் பேசுவது எழுதிவைத்ததைப் படிக்கிற மாதிரி இருக்கும். மதினி கேலி செய்வாள். "ஏட்டி கனி, வார்த்தைக்கு வார்த்தை முற்றுப்புள்ளி வச்சுத்தான் பேசுவியோ?" என்பாள். மதினி என்றால் எங்கள் அண்ணன் பொண்டாட்டி, பூமாரி. எங்கள் வீட்டில் நான்தான் முதலில் காலேஜ் போனவள். எம்.எஸ்சி. கணிதம். தப்பாக ஏதும் சொல்லிவிடக் கூடாது என்று யோசித்து யோசித்துப் பேசி அப்படியே பழகிவிட்டது.

தப்பாக எழுதிவிடக் கூடாது என்றும் அப்படித்தான் யோசித்தேன். ஆமாம், புத்தகம் எழுதியிருக்கிறேன். ஒயர் கூடை பற்றி. சிரிக்காதீர்கள் அக்கா. இல்லை, சிரியுங்கள். எல்லோரும் சிரித்தார்கள். திருநெல்வேலியில் ஒரு புத்தகக் கடைக்காரர், "கூடை போடுறது எல்லாம் யூடியூப்ல இருக்கே தாயி, இதை யாரு காசு குடுத்து வாங்குவா?" என்றார். யூடியூபில் இருக்கிறது. ஆனால் ஒரு கூடையின் முழு வடிவமும், எந்த வரிசையில் எந்த முடிச்சில் நிறம் மாறுகிறது என்பது, ஒரே பார்வையில் தெரியாது. அதற்குக் கட்டம் போட்ட தாள் வேண்டும். நான் கட்டம் போட்டேன். முப்பத்திரண்டு வடிவங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு கட்டம். மொத்தம் எத்தனை கட்டம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

வடிவங்கள் மதினியுடையவை. அதை நான் மறைக்கவில்லை. அவளாக யோசித்துப் போடுவாள். பேருந்து ஜன்னலில் ஒரு சேலையின் கரையைப் பார்த்தால் போதும், மறுநாள் அது கூடையில் வந்துவிடும். என்னைவிட ஐந்து வயதுதான் மூப்பு. எட்டாவது வரைக்கும் படித்திருக்கிறாள். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். நான் நோட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "மதினி, இந்த இடத்துல எத்தனை முடிச்சு?" என்று கேட்பேன். "எண்ணிக்கோ" என்பாள். எண்ணிக்கொள்வேன். அப்படித்தான் ஒரு வருடம்.

படிப்பு முடிந்து வேலை கிடைக்காத வருடம் அது. டி.என்.பி.எஸ்.சி. இரண்டு தடவை எழுதினேன். அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தெருவில்தான் கேட்டார்கள். "என்ன கனி, இன்னும் பரீட்சைக்குத்தான் படிக்கியா?" அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. புத்தகம் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எழுத வேண்டியதாயிற்று.

நானே எழுதினேன், நானே படம் எடுத்தேன், அட்டையை நானே போனில் செய்தேன். அச்சகத்தில் ஒரு விஷயம் சொன்னார்கள். பக்கங்கள் பதினாறு பதினாறாகத்தான் அச்சாகுமாம். எண்பது பக்கம் என்றால் சரி. எண்பத்தொன்று என்றால் தொண்ணூற்றாறுக்குப் போய்விடும், மிச்சம் பதினைந்து பக்கமும் வெள்ளைத்தாள். என்னுடையது எண்பத்தொன்று வந்தது. எதை எடுப்பது? கட்டங்களில் கை வைக்க முடியாது. அளவு அட்டவணையில் கை வைக்க முடியாது. நன்றியுரை ஒரு பக்கம் இருந்தது. மதினியைப் பற்றித்தான், நன்றாகவே எழுதியிருந்தேன். அதை எடுத்தேன். என்னைப் பற்றிய குறிப்பு பின்னட்டையில் இருந்ததால் அதற்குப் பக்கக் கணக்கு இல்லை. இது அச்சு முறையில் உள்ள பிரச்சினை அக்கா. என் கையில் இல்லை.

படங்களில் மதினியின் கைதான் இருக்கிறது. எல்லாப் படத்திலும். மணிக்கட்டு வரைக்கும். வளையலைக் கழற்றச் சொன்னேன், இல்லையென்றால் பார்க்கிறவர்கள் கண் வளையலுக்குப் போய்விடும். புத்தகம் வந்த அன்று அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். "ஏட்டி, என் கை இம்புட்டுக் கருப்பா?" என்று கேட்டாள். பிறகு, "நகத்தை வெட்டச் சொல்லிருக்கலாம்லா?" என்றாள். அவ்வளவுதான். ஒரு பிரதியை எடுத்து அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுக்குச் சந்தோஷம்தான். நான் கவனித்தேன்.

கடலை மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அளவு. கூடை போடுவதில் முதல் வேலை ஒயரை வெட்டுவது. அடியில் பரப்பி, மேலே ஏறிப் போகிற ஒயர்கள். பெரிய கூடைக்கு இருபத்தெட்டு. அதை எல்லாம் முதலிலேயே வெட்டிவிட வேண்டும். நீளமாக வெட்டினால் மிஞ்சும், அவ்வளவுதான். குறைவாக வெட்டினால் தீர்ந்தது. கூடை பாதியில் நிற்கும், வாய் கட்ட ஒயர் இருக்காது. ஒட்டுப் போடலாம், ஆனால் பாரம் வைத்தால் அந்த இடத்தில் விட்டுவிடும். வெட்டின ஒயர் வெட்டினதுதான்.

மதினி ஸ்கேல் வைத்து வெட்ட மாட்டாள். முழம் போடுவாள். நான் கேட்டேன், "பெரிய கூடைக்கு எத்தனை முழம் மதினி?" "ஆறு." நான் அதை அப்படியே எழுதவில்லை அக்கா. எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தப் பேருந்தில் வர வேண்டியிருக்காது. முழம் ஆளுக்கு ஆள் மாறும் என்று எனக்குத் தெரியாதா? நான் டேப் எடுத்து மதினியின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் அளந்தேன். மூன்று தடவை அளந்தேன். "ரவிக்கை தைக்கப் போறியா?" என்றாள். நாற்பத்தைந்தரை சென்டிமீட்டருக்கு மேல் ஒரு நூலளவு. ஒரு முழம் பதினெட்டு அங்குலம், அதாவது 45.72. மதினியின் கை ஏறக்குறைய பாடப்புத்தக முழம்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆறால் பெருக்கினேன். 274.32 சென்டிமீட்டர். அதைப் பக்கம் முப்பத்தொன்றில் போட்டேன். கொட்டை எழுத்தில்.

முந்நூறு பிரதி. கட்டிலுக்கடியில் அடுக்கினோம். வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போட்டேன். முதல் பத்து நாளில் பதினாறு பேர் கேட்டார்கள். யார் என்றே தெரியாதவர்கள், அக்கா. ஒருவர் ஈரோடு. ஒருவர் காரைக்கால். தபால் ஆபீஸில் வரிசையில் நிற்கும்போது பார்சலின் மேல் இருக்கிற என் பெயரை நானே படிப்பேன். அனுப்புநர்: ச. சண்முகக்கனி, எம்.எஸ்சி.

இருபது நாள் கழித்து ஈரோட்டிலிருந்து ஒரு படம் வந்தது. அழகான கூடை. நீலமும் மஞ்சளும், கட்டம் பிசகாமல். ஆனால் மேலே ஐந்து வரிசை இல்லை. ஒயர் நுனிகள் எல்லாம் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. "ஒயர் பத்தலைங்க" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் மரியாதையாகப் பதில் போட்டேன். முடிச்சுகளை இறுக்கிப் போட வேண்டும் என்றும், தளர்வாகப் போட்டால் ஒயர் அதிகம் செலவாகும் என்றும். அவர் "சரிங்க" என்றார். அடுத்த வாரம் காரைக்கால். அதற்கும் அதே பதில். மூன்றாவது படத்திலும் அதே ஐந்து வரிசை இல்லை. ஆனாலும் அதே பதிலை அனுப்பினேன். எழுதி வைத்திருந்தேன், அதை எடுத்து ஒட்டினேன்.

அதற்குள் நாச்சியார்புரம் வந்துவிட்டது. ஊர் இல்லை, ஆர்டர். அங்கே ஒரு மகளிர் குழு இருக்கிறது. தலைவி எஸ்தரம்மா. முகநூலில் பார்த்துவிட்டு நாற்பது பிரதி கேட்டார்கள். ஒரே ஆர்டரில் நாற்பது! அண்ணன்தான் ஆட்டோவில் கொண்டுபோய்ப் போட்டான். வந்து என்னிடம், "எல்லாரும் உன்னைய எழுத்தாளர்னு சொல்லுதாவ புள்ள. நான் அவ அண்ணன்னு சொன்னேன், டீ குடுத்தாவ" என்றான். அண்ணன் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோவில்பட்டியில் வருகிற வெள்ளிக்கிழமை கண்காட்சி. அவர்களுக்கு முதல் தடவையாக ஒரு கடை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு பெரிய கூடை, நாற்பது கூடை வைப்பதாகத் திட்டம். அதற்குத்தான் என் புத்தகம். கடையில் கூட்டம் வந்தால் இன்னும் ஆர்டர் வரும், பேங்கில் கடன் கேட்கலாம் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள்.

இப்போது கேளுங்கள். இவர்களில் ஒருத்தி போட்டுப் பார்த்து, பிறகு மற்றவர்கள் வெட்டியிருந்தால் ஒரு கூடையோடு போயிருக்கும். ஆனால் அது குழு. எதுவும் சேர்ந்துதான் செய்வார்கள். ஒருத்தி முந்தினால் இன்னொருத்திக்குக் கோபம் வரும். அதனால் ஒரு நல்ல நாள் பார்த்து, சர்ச் பக்கத்துக் கொட்டகையில் நாற்பது பேரும் உட்கார்ந்து, எஸ்தரம்மா ஜெபம் பண்ணி, ஒரே நேரத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நூற்று இருபது ஒயர். முந்தாநாள் போனில் எஸ்தரம்மா சொன்னார்கள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"ஏம்மா, அந்தப் புள்ளி முப்பத்திரண்டுக்காக வாத்தியார் வீட்டுல போயி நல்ல ஸ்கேலு வாங்கிட்டு வந்து அளந்தோம். நம்மூரு டேப்புல அந்தப் புள்ளி கிடையாதுல்லா? ஒருத்தி பிடிக்க, ஒருத்தி வெட்ட, ஒருத்தி சரிபாக்க. நாப்பது பேருல ஒருத்திக்காவது கூடக் குறைய வந்திருக்கணும்லாம்மா? அம்புட்டுக்கும் அஞ்சு வரிசை காணல."

நான் கணிதம் படித்தவள். நாற்பது பேரும் ஒரே மாதிரி தவறினால் தவறு நாற்பது பேரிடம் இல்லை. அவர்கள் போனை வைத்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. எஸ்தரம்மா இன்னொன்றும் கேட்டார்கள். "அந்தப் படத்துல இருக்க கை யாரு கைம்மா?" எங்கள் மதினி என்றேன். "அவியள ஒருநா கூட்டிட்டு வாயேன். நாங்க அவியட்ட கேட்டுக்கிடுதோம்." நான் வருகிறேன் என்று சொன்னேன். நான்தானே எழுதியது.

உங்களுக்குப் புழுக்கமாக இருந்தால் ஜன்னலைத் திறக்கட்டுமா? சரி.

அன்றைக்கு மத்தியானம் மதினி ஒயர் வெட்டும்போது நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அதுவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் நோட்டைப் பார்த்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை கையை மட்டும் பார்த்தேன். முழங்கையில் ஒயரை வைக்கிறாள். நடுவிரல் நுனிக்கு இழுக்கிறாள். "ஒண்ணு" என்கிறாள். அடுத்த முழத்துக்கு ஒயரை மாற்றும்போது, அந்த நுனியிலிருந்து தொடங்கவில்லை, அக்கா. நாலு விரல் தள்ளித் தொடங்குகிறாள். ஒவ்வொரு முழத்துக்கும். கொசுறு! பக்கத்து வீட்டுக்குச் சீனி கொடுத்தாலும் டம்ளர் வழிய வழியத்தான் கொடுப்பாள். அவளுக்கு அளவு என்றால் அதுதான். ஆறு முழம் என்றால் ஆறு முழமும் ஆறு தடவை நாலு விரலும். ஆனால் வாய் சொல்வது ஆறு. நான் எழுதியது வாய் சொன்னதை.

நான் அப்போது வாயைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தேன்.

"எதுக்கு மதினி நாலு விரல் கூட விடுதே?"

"யாரு, நானா?"

"ஒவ்வொரு முழத்துக்கும் விடுதே. இப்பக்கூட விட்டே."

அவள் கையைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒயரை வீணாக்குதேன்னு சொல்லுதியா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் இல்லை இல்லை என்றேன். ஆனால் ஏன் கேட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு எண் வேண்டியிருந்தது. திருத்தம் அச்சடிக்க ஒரு எண். "இன்னொரு தடவை அள மதினி, சும்மா எப்பவும் போல அள" என்று டேப்பை எடுத்தேன்.

அவள் அளந்தாள். நுனிக்கு நுனி. இம்மி கூட இல்லை. இன்னொரு தடவை. அதே மாதிரி. பாடப்புத்தக முழம். பத்துத் தடவை அளக்கச் சொன்னேன், நாலு விரல் வரவே இல்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் போய்விட்டது. "கொறைச்சு வெட்டிக் காட்டுதேன் பாரு, இனிமே ஒரு விரல்கூட வீணாப் போகாது" என்றாள். பரீட்சையில் பாஸ் பண்ணின மாதிரி முகம்.

வீட்டில் இருந்த பழைய கூடைகளைப் பிரித்துப் பார்த்தேன். அம்மா ரேஷன் வாங்கக் கொண்டுபோகிற கூடை உட்பட மூன்று. ஒன்றில் ஒயர் 316. ஒன்றில் 309. ஒன்றில் 322. எண்ணே இல்லை, அக்கா. அன்றைக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ அது. இதை நான் எப்படி அட்டவணையில் போடுவேன்? கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு அடித்தேன். இதோ, நாற்பது இருக்கிறது. படியுங்கள். "பக்கம் 31-இல் 274.32 செ.மீ. என்பதைச் சுமார் 320 செ.மீ. என்று திருத்தி வாசிக்கவும்." சுமார். என் புத்தகத்தில் எண்பது பக்கத்திலும் அந்த வார்த்தை கிடையாது.

இதை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வருகிறேன். ஒயரை வெட்டியாயிற்று. திருத்தி வாசித்தால் ஒயர் வளருமா? வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கிறது. புது ஒயர் வாங்கிக் கொடுக்க என்னிடம் வழி இல்லை. வாங்கினாலும், புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு பெரிய கூடைக்கே ஒரு வாரம் ஆகும், மூன்று நாளில் முடியாது. அவர்களுக்குக் கிடைத்த கடை கையைவிட்டுப் போகும். நான் போய் நிற்பது ஒன்றுதான் என்னால் முடியும்.

நேற்று முழுக்க யோசித்தேன், போய் என்ன சொல்வது என்று. அச்சுப்பிழை என்று சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அச்சகம் நான் கொடுத்ததைத்தான் அச்சடித்தது. மதினி அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சொல்லலாம். அதுவும் முழுப் பொய் இல்லை, பாருங்கள். அவள் ஆறு என்றுதானே சொன்னாள்? ஆனால் சொல்ல மாட்டேன். உண்மையைத்தான் சொல்லப் போகிறேன். அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். "நான் இந்தப் புத்தகத்தில் உள்ள ஒரு கூடையைக்கூட நானாகப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்குக் கூடை போட வராது. கட்டம் போடத்தான் வரும்." இதைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். திட்டட்டும். புத்தகத்தைத் தூக்கி மேலே போடட்டும். நான் நின்று கேட்பேன்.

மதினியையும் கூட்டி வந்திருக்கலாம் என்கிறீர்கள். எல்லோரும் அதையே சொல்கிறீர்கள். அவளுக்கு வேலை இருக்கிறது. பிள்ளைக்கு வேறு சளி. அப்புறம் இவ்வளவு தூரம் பேருந்தில் வந்தால் அவளுக்குத் தலைசுற்றும்.

இல்லை அக்கா. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஈரோடு, காரைக்கால், நாச்சியார்புரம் எங்கேயும் ஒயர் பற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. சொன்னால் தன்னால்தான் என்று நினைப்பாள். அதற்காகத்தான் சொல்லவில்லை. முதலில் இங்கே சொல்லிவிட்டு, சாயங்காலம் போய் அவளிடம் சொல்வேன். வரிசைப்படி.

கொஞ்சம் இருங்கள். போன். அவள்தான்.

"சொல்லு மதினி… பஸ்ல போறேன்… ஒரு வேலையா… கேக்குது, சத்தமாப் பேசு… எதை?… எப்ப வெட்டுனே?… அம்புட்டையுமா?… இல்ல மதினி, நான் என்ன சொல்ல வந்தேன்னா… ஆமா, புஸ்தகத்துல அப்படித்தான் போட்டுருக்கு… இல்ல, அது வந்து… ம்… ம்… சே, உன் கையில என்ன… ம்… சரி மதினி. சரி. வைக்கேன்."

புளியங்குடியில் ஒரு கல்யாண வீட்டில், தாம்பூலத்தோடு கொடுக்க இருபத்தைந்து பெரிய கூடை கேட்டிருக்கிறார்கள் அக்கா. மதினிக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். போன வாரம்தான் வந்தது. அதற்கு நேற்று, நான் இந்தச் சீட்டு அடிக்கப் போயிருந்த நேரத்தில், ஒயர் வெட்டியிருக்கிறாள். முழம் போடவில்லையாம். பிள்ளையின் ஸ்கேலை வைத்து, என் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கம் முப்பத்தொன்றைப் பார்த்து வெட்டியிருக்கிறாள். இருபத்தைந்து கூடைக்கும். "நீ சொன்னியே, நான் ஒயரை வீணாக்குதேன்னு. அதான் ஒழுங்கா உன் அளவுக்கு வெட்டிட்டேன்" என்கிறாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை!

நேற்று ராத்திரியே தொடங்கி, இன்றைக்குக் காலையில் முதல் கூடையை மேல் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறாள். ஐந்து வரிசை காணவில்லை.

என்ன சொன்னாள் தெரியுமா? "என் கை என்னமோ சரியில்லட்டி கனி. இத்தனை வருசமாப் போடுதேன், இப்படி ஆனதில்ல. நாப்பது பேரு அந்தப் புஸ்தகத்தைப் பாத்துப் போடுதாவ, அவியளுக்கெல்லாம் சரியா வந்திருக்கும்லா? எனக்குத்தான் வரல. ஒண்ணைக் கழிச்சுட்டு அடுத்ததை இறுக்கிப் போட்டுப் பாக்கேன்." சரிதானா என்று என்னிடம் கேட்டாள். படித்த பிள்ளை என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் அக்கா? நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள். சரி என்றா சொன்னேன்? இரண்டு தடவையா?

மனப்பாடம் செய்தது எல்லாம் வாயில்தான் இருந்தது. நாற்பது பேருக்குச் சொல்ல வைத்திருந்தேன். எப்படிச் சரி என்று வந்தது என்று தெரியவில்லை.

கண்டக்டர் விலக்கு விலக்கு என்கிறார். இறங்க வேண்டும். இல்லை, ஒரு நிமிஷம், அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். "அண்ணே, ஒரு நிமிஷம் அண்ணே, ஆள் இறங்கணும்."

அதோ, புளியமரத்துக்குக் கீழே. எஸ்தரம்மாவாகத்தான் இருக்கும், வெள்ளைச் சேலை. பின்னால் ஏழெட்டுப் பேர். கையில் எல்லாம் கூடை. எனக்காக யாரும் இப்படிப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றதில்லை. அவர்கள் சிரிக்கிறார்கள், அக்கா. நான் ஏதோ வழி கொண்டுவருகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

போனில் மணி போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. எடுக்க மாட்டேன் என்கிறாள்.

அடுத்த கூடையைத் தொடங்கியிருப்பாள்.